இரண்டாவது கிண்ணம்

படையலில் ஒரு கிண்ணம் சோறு அதிகமாக இருந்தது.

பியோ அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் பின்னால் அலைந்து வேவு பார்ப்பது அவன் பிழைப்பு. கண்ணில் படுவதையெல்லாம் சந்தேகிப்பது தொழில் வியாதி என்று விவாகரத்து மனுவிலேயே மனைவி எழுதியிருந்தாள். ஆனால் இறந்தவர் சோற்றில்தான் கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவார்கள். உயிரோடு இருப்பவன் அப்படிக் குத்தினால் அம்மா முதுகில் அறைவாள். இங்கே இரண்டு கிண்ணங்களிலும் கரண்டி நின்றது. அந்த வீட்டில் இறந்தவரோ ஒருவர்தான்.

அவர் ஓக் குடும்பத்துப் பெரியவர். சென்ற ஆண்டு இதே வீட்டு வாசலிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் படிக்கட்டில் உருண்டு கழுத்து முறிந்து போனார். இன்று முதல் திதி. மூத்த மகன் மான்சு படகு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான்; ராணுவத்தில் பியோவுக்கு ஒரு வருடம் மூத்தவன். துறைமுக நகரமான இந்தப் பூசானில் அது கிட்டத்தட்ட ரத்த உறவு, சில சமயம் அதைவிட மோசம். போன மாதம் அவன் தன் கைபேசியை பியோவிடம் நீட்டினான். பெயரில்லாத ஒரு மிரட்டல். 'உங்கப்பா தானா விழல. நான் பாத்தேன். வாயை மூட என்ன தருவ?'

யார் அனுப்பியது என்று பியோ கண்டுபிடித்துக் கொடுத்தான். மான்சுவின் தம்பி கிபோம். பெயரைச் சொன்னபோது மான்சு முகத்தில் ஒன்றும் அசையவில்லை. சில நாள் கழித்து, 'தம்பி வியட்நாமுக்கு வேலைக்குப் போயிட்டான், விவகாரம் முடிஞ்சுது, அப்பா திதிக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ' என்று கூப்பிட்டான். பியோ நம்பினான். நம்புவது வசதியாக இருந்தது.

இப்போது எண்ணெயில் பொரிந்த மீன் வாசனையும் ஊதுபத்திப் புகையும் கலந்து தொண்டையில் படிய, இறந்தவர் உள்ளே வருவதற்காக வழக்கப்படி அகலத் திறந்து வைத்த வாசல் கதவு வழியே கடல்மூட்டம் தரையோடு தரையாக ஊர்ந்து வர, எங்கோ கீழே ஒரு கப்பல் வயிறு வலிப்பதுபோல நீளமாக முனக, பியோ அந்த இரண்டாவது கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான்.

மான்சுவின் அம்மா ஒரு தட்டில் பேரிக்காய் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா, ரெண்டாவது யாருக்கு?"

"சின்னவனுக்கு."

"அவரு வியட்நாம்ல இருக்காருன்னு அண்ணன்..."

"எங்க இருந்தா என்ன? பசிக்கும்ல?" அவள் கரண்டியை லேசாகத் தட்டி இன்னும் நேராக நிறுத்தினாள். "மான்சு வேணாம்னுதான் சொன்னான். வெளியாளு வர்ற நேரம்னான். அதுக்காக என் புள்ளைய பட்டினி போடச் சொல்றியா தம்பி? வீட்டுல நடந்தது வீட்டோட. சோறு சோறுதான்."

ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்தது. பியோவுக்கு எல்லாம் புரிந்துபோனது. ஒரு பெயரை அவன் இந்த வீட்டில் கொடுத்திருந்தான். அந்தப் பெயருக்கு இப்போது சோறு வைத்திருக்கிறார்கள். தனக்குப் புரிந்துவிட்டது என்று மான்சுவுக்குத் தெரிவதற்குள் வெளியே போய்விட வேண்டும்.

கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தான். "அண்ணே, ஒரு அவசர வேலை..."

"உக்காருடா." மான்சு சட்டைக் கையை இறக்கிவிட்டபடி வந்தான். சங்கிலி இழுத்து இழுத்துத் தடித்த உள்ளங்கைகள். "திதி முடியாம எவனாவது எழுந்து போவானா? எங்கப்பா உன்னைப் பத்தி என்ன நினைப்பாரு?"

"இல்லண்ணே, வந்து..."

"அதுவும் போன் அடிக்கவே இல்ல."

வாசல் கதவு திறந்தே இருந்தது. நடந்தால் போய்விடலாம். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. பெரியவன் உட்காரச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். பியோ உட்கார்ந்தான். பிறகு இதை நினைக்க நேரம் இருந்தால் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்வான்.

வணங்கினார்கள். இறந்தவர் தனிமையில் சாப்பிட வேண்டும் என்பதால் மூவரும் வெளியே வந்து அறைக் கதவை இழுத்து மூடிவிட்டுக் கூடத்தில் தலைகுனிந்து நின்றார்கள். மூட்டம் இப்போது கணுக்காலுக்கு ஏறியிருந்தது. அதில் கடல் வாசனை இல்லை. பட்டறைத் தொட்டியில் நாள்பட்டு நின்ற தண்ணீரின் வாசனை. துரு. கிரீஸ். அதற்கடியில் வேறொன்று.

உள்ளே கரண்டி கிண்ணத்தில் உரசியது.

பியோ மான்சுவைப் பார்த்தான். மான்சு தரையைப் பார்த்தான். அம்மா மட்டும் சாப்பாட்டுக் கடைக்காரி போல நிம்மதியாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறக்கும் முன் வீட்டுக்குப் பெரியவன் கனைக்க வேண்டும். மான்சு வாயைத் திறந்தான். அதற்குள் உள்ளிருந்து யாரோ கனைத்தார்கள். ஈரமாக.

"காத்து," என்றான் மான்சு.

"காத்துக்குச் சளி பிடிச்சிருக்கு," என்றாள் அம்மா.

கதவைத் திறந்தார்கள். பெரியவரின் கிண்ணம் வைத்தபடி இருந்தது. இரண்டாவது காலி. கரண்டி தரையில் கிடந்தது.

"அவனுக்கு எப்பவும் அவசரம்," அம்மா கரண்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போகும்போது வாசல் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. வர வேண்டியவர் வந்தாகிவிட்டது போல.

வாசலில் பியோவின் காலணிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பட்டறை பூட்ஸ். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"படையல் மதுவ நாமதான் குடிச்சு முடிக்கணும். வா." மான்சு குட்டை மேசைக்கு எதிர்ப்பக்கம் தரையில் அமர்ந்தான். பியோவுக்கு இடப்பக்கம் உட்காரும் மெத்தை ஒன்று காலியாகக் கிடந்தது. "கையை நீட்டு."

பெரியவன் ஊற்றினால் மறுக்கக் கூடாது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். இந்த மரியாதையை வகுத்தவன் தம்பிமார்களுக்கு நல்லது நினைத்தவனாக இருக்க முடியாது. இரண்டு கையும் சிக்கியிருக்கும். கண் வேறெங்கோ இருக்கும். கழுத்து திறந்திருக்கும்.

"அந்தக் கிண்ணம் யாருக்குன்னு கேட்டியாமே." மது தளும்பும்வரை ஊற்றினான்.

"சும்மா கேட்டேண்ணே."

"சும்மா கேக்குறதுதானே உன் தொழிலு." சிரித்தான். கண்கள் சிவந்திருந்தன, அழுதிருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. "அவனும் இங்கதான் உக்காந்தான். என்ன மிரட்டினாலும், நான் ஊத்தினதும் மரியாதையாத் திரும்பித்தான் குடிச்சான். நல்லா வளத்திருந்தாங்க."

"அண்ணே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"தெரியும். குடி."

திரும்பாமல் குடிக்கலாம். முகத்துக்கு நேராகப் பார்த்தபடி. ஆனால் அது, எனக்கு எல்லாம் தெரியும், உன்னை நம்பவில்லை என்று சொல்வது. சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். பியோ கிண்ணத்தை உயர்த்தினான். மான்சுவின் வலக்கை மேசைக்கு மேலே இல்லை.

பழக்கம். கழுத்து தானாகத் திரும்பியது. இடப்பக்கம்.

மெத்தை காலியாக இல்லை.

கிபோம் மண்டியிட்டு, அண்ணனுக்கு நேராக, முதுகு விறைக்க உட்கார்ந்திருந்தான். இரண்டு கையிலும் கிண்ணம். அவனும் முகத்தைத் திருப்பியிருந்தான், அந்தப் பக்கமாக, மரியாதையாக. பாதியை அவனே திருப்பியிருந்தான். மீதியை வேறொருவர். தோளைத் தாண்டி, முதுகைத் தாண்டி, சுற்றி வந்து அந்த முகம் பியோவைப் பார்த்தது. வாய் திறந்திருந்தது. உதட்டில் சோறு.

கிண்ணம் மெல்ல உயர்ந்தது. வாயைத் தேடி. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பிடரி. பிடரியில் முட்டிச் சாய்ந்தது. மது மயிருக்குள் இறங்கியது.

மறுபடி உயர்ந்தது.

மான்சு எழுந்து வந்த சத்தமே கேட்கவில்லை. பியோவின் தலைமேல், பின்னாலிருந்து, தடித்த ஓர் உள்ளங்கை வந்து படிந்தது. சூடாக இருந்தது.

"அப்படியே இரு," என்றான் மான்சு. "நல்ல பிள்ளை."