கோடாக ஒரு கதவு

காரின் பானெட் சுட்டது.

தூசி துடைக்க எடுத்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். உள்ளங்கை நீளமே உள்ள குட்டிக் கார். அதற்கு எஞ்சின் கிடையாது, அலமாரிப் பக்கம் வெயிலும் வராது. வெளியே சாயங்கால மழை பிடித்திருந்தது. தொலைதூரம் ஓடிவந்து இப்போதுதான் நின்ற வண்டியைப் போல, அதிலிருந்து சூடேறிய இரும்பும் பெட்ரோலும் கலந்த வாடை மெல்ல எழுந்து, ஈரச்சுவரின் நெடியோடு சேர்ந்து அவள் தொண்டையில் படிந்தது.

கணவன் பொய்ப்பல் செய்பவன். பல்லை இழைக்கும் அதே அரங்களை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் ஒன்றே ஒன்று செய்து பார்த்துக் கைவிட்ட விசித்திரக் கார்களைக் குட்டியாகச் செய்வது அவனுடைய பைத்தியம். மூன்று சக்கரமும் மீன் வாலும் வைத்தது ஒன்று. நட்டநடுவில் ஸ்டீயரிங் வைத்தது இன்னொன்று.

"ஊரே வேண்டாம்னு தள்ளினதுக்கெல்லாம் நம்ம வீட்டுல ராஜ உபசாரம்" என்பாள்.

"நானும் அப்படித்தானே உன்கிட்ட வந்து சேர்ந்தேன்" என்று சிரிப்பான்.

சுட்டது புதுக் கார். கறுப்பு, முட்டை வடிவம், பின்சீட் பின்கண்ணாடியைப் பார்த்திருக்கும். மங்கிப்போன ஒரே ஒரு போட்டோவைப் பார்த்துச் செய்தான். கதவு எப்படித் திறக்கும் என்று அதில் தெரியவில்லை. வெறும் கோடாகக் கீறிவிட்டான்.

போன் அடித்தது. அவன்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மழையில நின்னேனா, ஒரு கார் வந்து நின்னுது. ஏறிட்டேன். சொன்னா நம்ப மாட்டே, சீட்டு பின்னாடி பார்த்திருக்கு. நான் செஞ்சேனே, அதே வண்டி!"

"யாருங்க ஓட்டறது?"

"முன்னாடி ஒரே இருட்டு. கூப்பிட்டா பதிலே இல்லை."

உள்ளே பார்க்க, காரைத் துணியால் பிடித்து விளக்குக்கு நேராகத் தூக்கினாள்.

"ஐயோ! வண்டி தூக்குதே! அந்தரத்துல..."

சட்டென்று கீழே இறக்கினாள். அலறல் கூடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் வைத்தாள். அலறல் நின்றது.

"இறங்கிடுங்க! உடனே இறங்குங்க!"

"ஏறின கதவைக் காணோம்டி. கோடுதான் இருக்கு. நகம்கூட நுழையலை."

அடித்தட்டில் இரண்டு ஸ்க்ரூ. அவனுடைய கருவிகளில் நுனி தட்டையான ஒன்றைத் தேடி எடுத்தாள்.

"கெட்டியா எதையாவது பிடிச்சுக்கோங்க."

காரைச் சாய்த்தாள். போனில் ஏதோ உருண்டு மோதியது. முனகல். ஒரு ஸ்க்ரூ. இன்னொன்று. தட்டு நூலிழை விலகியது.

இடுக்கில் கண்ணை வைத்தாள். இருட்டு. பின்சீட்டில் கடுகளவு வெளிச்சம். அவன் போன். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு கண்ணு" என்று கிசுகிசுத்தான். "உள்ளே பார்க்குது."

"நான்தாங்க. பயப்படாதீங்க. இதோ, இமைக்கிறேன் பாருங்க."

இமைத்தாள்.

"இமைக்கலையே."

மறுபடி இமைத்தாள். "இப்போ?"

"கீழே இல்லைடி. எதிர்ல. பின்கண்ணாடில."

பார்வையை மெல்ல நகர்த்தினாள். கண்ணாடிக்கு அப்பால் மேசை விளக்கு தெரிய வேண்டும். தெரியவில்லை. கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு கண். மஞ்சளாக. ஈரமாக. இமையே இல்லாமல்.

அது நிதானமாக அவனை விட்டு விலகி, அவள் பக்கம் திரும்பியது.