நான்காம் முனையம்

முத்துலிங்கம் இன்னும் உள்ளே இருப்பதாகத் திரை காட்டியது.

அலுவலகத்துக்கு ஒரே கணினி. அதோடு நான்கு முனையங்கள், திரையும் விசைப்பலகையும் மட்டும். யார் உள்ளே என்று கேட்டால் பெயர், முனையம், நுழைந்த நேரம் என்று வரிவரியாகச் சொல்லும். சத்தியபாமா, ஒன்று. முத்துலிங்கம், நான்கு, செவ்வாய், காலை 8.52.

இன்று வெள்ளி. செவ்வாய் மத்தியானம் அலுவலக வாசலில் வைத்தே சீருடைக்காரர் அவரை ஜீப்பில் ஏற்றிப் போயிருந்தார்கள். அன்று அவர் வேலைக்கே வரவில்லை என்று மேலிடத்தில் எழுதியாயிற்று. வந்தார் என்பதற்கு அவர் மனைவி பாலாம்பிகைக்கு இருந்த ஒரே சாட்சி இந்த வரி.

முதல் முனையத்தில் இருந்த சத்தியபாமாவின் பின்னால், மேலாளர் தாஸிம் கதவருகே நின்றார். "நேத்தே அவர்ட பேர வெட்டினேனே, புள்ள. இன்னும் எப்படி நிக்கிது?"

"நீங்க வெட்டினது கடவுச்சொல் பட்டியலில, சேர். வந்த ஆக்களை மெஷின் வேற இடத்தில எழுதி வைக்கும்."

"அப்ப அதையும் அழிங்க. நமக்கும் புள்ள குட்டி இருக்கு."

"எனக்கில்லை, சேர்." அவள் இவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. "அவர் வந்தவர். நான் அழிக்கமாட்டன்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு ஊரடங்குக்கு முன் போய்விட்டார்.

ஹந்தானை மலைப் பக்கமிருந்து இறங்கிய மழை தகரக் கூரையில் இரைந்தது. அச்சுப்பொறியின் மை நாடா எண்ணெயாய் மணத்தது. இரைச்சலுக்கு நடுவே, பூட்டிய அடுத்த அறையிலிருந்து, யாரோ நிதானமாக விசை தட்டும் ஓசை வந்தது.

நான்காம் முனையம் அங்கேதான். சாவி அவளிடம்.

முறையாக வெளியேறாதவரின் பெயர் தங்கிவிடும், அது இயல்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கடைசியாக விசை தட்டிய நேரத்தைக் கேட்டாள்.

ஒன்று: இப்போது.

நான்கு: இப்போது.

அச்சிடச் சொன்னாள். அவள் வரி. முத்துலிங்கத்தின் வரி. அச்சுப்பொறி நிற்கவில்லை.

ஐந்தாம் முனையம். ஒரு பெயர். ஆறு. ஏழு. இருபது. தெல்தெனியவில் கடை வைத்திருந்தவர். பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுத் திரும்பி வராதவர். எல்லாம் அவள் கேள்விப்பட்ட பெயர்கள். கணினி வாங்குவதற்கு முந்திய தேதிகள்.

மின்செருகியைப் பிடுங்கக் கை போனது. திரும்பியது.

புதிய காகிதக் கட்டைப் பிரித்துப் பொருத்தினாள்.

"எழுதுங்கோ," என்றாள். "எல்லாரும் எழுதுங்கோ."

அடுத்த அறையில் தட்டல் பலவாயிற்று. நின்றது.

அந்த அறையின் கண்ணாடிக் கதவின் உட்பக்கம் மூச்சு ஆவி படர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. மேலே. இடையில். கதவு முழுக்க.

கடைசியாக, மிகத் தாழ்வாக, ஒரு குழந்தையின் உயரத்தில்.