பன்னிரண்டாவது நோட்டு

“பதினோரு நோட்டு இருக்கு. பன்னிரண்டாவதைக் காணோம்” என்று சொல்லிப் பையைத் துப்பறிவாளரின் மேசைமேல் வைத்தார் காப்பாட்சியரின் மனைவி.

அவர் கணவர் முப்பது வருடம் அருங்காட்சியகத்தைக் கட்டிக்காத்தவர். நான்கு நாவல்கள் எழுதியவர். போன மாதம் இறந்துபோனார். ஐந்தாவது நாவலின் முடிவு அந்த நோட்டில் இருக்க வேண்டும்.

“கதையில வர்ற பொண்ணு வீடு திரும்பினாளான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். இன்னும் ஒரு நோட்டு, பொறுத்துக்கன்னு சொல்வார். அவர் சொல்ல வந்ததைக் கேட்கணும் சார். அவ்வளவுதான்.”

துப்பறிவாளர் நோட்டுகளை நிதானமாகப் புரட்டினார். அவருக்கு உதவியாக இருந்த மச்சினனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

“அத்தான், பதிப்பாளர்தான். நாலு தடவை வந்து கேட்டிருக்கார்.”

“அவர் எடுத்திருந்தா இந்நேரம் புத்தகமே கடைக்கு வந்திருக்கும். இதைப் பாருங்க மாப்பிள்ளை.”

பதினோராவது நோட்டில் பாதிவரை பேனா, பிறகு பென்சில். ஓரிடத்தில், மழையிலிருந்து வந்தவள் ‘சாவியை மடக்கி மூலையில் சாத்தினாள்’ என்றிருந்தது.

“சாயங்காலம் என்ன செய்வார்மா?”

“ஓய்வு பெற்றதும் தினம் ஏரிக்கரையில நடப்பார். மழைக்காலத்துலகூட. ஆனா செருப்புல ஒரு பொட்டு சேறு இருக்காது. அவ்வளவு சுத்தம்.”

மறுநாள் காலை மூவரும் அருங்காட்சியகக் கிடங்குக்குப் போனார்கள். காப்பாட்சியரிடம் இருபது வருடம் வேலை பார்த்த கிடங்குப் பொறுப்பாளர், மச்சினனின் சட்டைப்பையைப் பார்த்தார்.

“பேனாவை வெளியில வச்சிடுங்க. மை பட்டா பழைய பொருள் வீணாயிடும். இங்க பென்சில் மட்டும்தான்.”

“அதனாலதான் வந்தோம்” என்றார் துப்பறிவாளர். “ஏரிக்கரையில நடந்தவர் செருப்புல சேறு ஒட்டலை. வீட்டுல பேனா இருக்க, பென்சிலால எழுதியிருக்கார். அவர் வந்தது இங்க. நோட்டும் இங்கதான் இருக்கு. நீங்க திருடலை. குடைன்னு எழுத வேண்டிய இடத்துல சாவின்னு எழுதியிருக்கார். அவருக்கு வார்த்தை நழுவ ஆரம்பிச்சிருக்கு. வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு உங்ககிட்ட வாக்கு வாங்கியிருக்கணும்.”

பொறுப்பாளர் தன் மேசைக்குப் போனார். இழுப்பறையைத் திறந்து நோட்டை அந்த அம்மாவிடம் நீட்டினார்.

அது நாவல் இல்லை. அருங்காட்சியகப் பதிவேட்டைப் போலவே எழுதியிருந்தார். ஆனால் எல்லாம் வீட்டைப் பற்றி.

‘சிரிப்பு. மனைவியுடையது. சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். நிலை: சேதமில்லை.’

‘பொத்தான் தைத்ததும் நூலைப் பல்லால் கடிப்பாள். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கும்.’

“மறந்துபோறதுக்கு முன்னாடி பதிஞ்சு வைக்கணும்னார்மா” என்றார் பொறுப்பாளர். “கதையைப் பாதியிலயே விட்டுட்டார்.”

அந்த அம்மா நோட்டை மூடினார்.

“எனக்குத் தெரியும். ஒரு வருஷமா அவர் மாத்தி வச்சதையெல்லாம் எடுத்து எடத்துல வச்சது நான்தான். தெரிஞ்சா கூசிப்போவார்னு காட்டிக்கலை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இத்தனை சாயங்காலமும் வீட்டுலயே இருந்திருப்பார்.”

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். துப்பறிவாளர் அவன் கையைத் தொட்டு நிறுத்தினார்.

“எங்க உக்காந்து எழுதினார்?” என்று கேட்டார் அந்த அம்மா.

பொறுப்பாளர் ஜன்னலோர நாற்காலியைக் காட்டினார். அவர் அதில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தார். எழுத்தின்மேல் படாமல் விரலை வரிவரியாக நகர்த்தி, உதடு அசைய வாசிக்கத் தொடங்கினார்.