வெட்டி எறிந்த மூச்சு

மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் நடுவே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அந்த இடத்தில் ஒன்றுமே இருக்கக் கூடாது. சிடியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் விடுகிற வெறும் மௌனம் அது. ஒலிப்பதிவாளனான அவனே கையால் வைத்தது. மீட்டரில் முள் அசையவில்லை. சிடிகளை அச்செடுப்பதற்கான மாஸ்டர் தட்டு காலையிலேயே ஃபாக்டரிக்குப் போய்விட்டது. இப்போது ஓடுவது அதன் நகல். அனுப்பியதை இன்னொரு தடவை முழுக்கக் கேட்டுவிடுவது அவன் வழக்கம்.

பாடியவள் அவன் மனைவி. அதுவும் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வயிற்றெரிச்சலில், வரிகளுக்கு நடுவே அவள் மூச்சு வாங்கிய இடங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் வெட்டி எறிந்தான். உயிரில்லாத பாட்டு என்று ஊர் காறித் துப்பட்டும், அவள் மார்க்கெட் மண்ணாகட்டும். திரும்ப எடுத்து ஒட்ட வழியில்லாதபடி மூலப் பதிவையும் அழித்தான். அதில் ஒரு சுகமும் கண்டான், பாவி.

அடுத்த இடைவெளியிலும் அதே சத்தம். ஏஸியின் குளிரும் சுவரில் ஒட்டிய பழைய ஸ்பாஞ்சின் புளித்த வாடையும் தேங்கிக் கிடந்த அந்த ஜன்னலில்லாத ஸ்டூடியோ அறையில், பாட்டுக்குப் பாட்டு அந்த இழுப்பு நீண்டுகொண்டே போய், தண்ணீரில் அமுக்கிய ஒருத்தி தலை தூக்கி வாயைத் திறப்பதுபோலக் கேட்டது. இழுப்பு மட்டும்தான். விடுகிற சத்தம் இல்லை.

பிளேயரை நிறுத்தினான். ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

சத்தம் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பினால் நாற்காலி, சுவர், அவன் நிழல். வேறு யாருமில்லை. ஆனால் அந்த மூச்சு அவனுக்குத் தெரியும். இத்தனை வருடம் பக்கத்துத் தலையணையில் கேட்டது.

ஃபாக்டரிக்குப் போன் போட்டான்.

"அந்தத் தட்டை நிறுத்துங்க. தப்பு நடந்துபோச்சு."

"அச்சே எடுத்தாச்சு சார். மெஷின் ஓடிட்டிருக்கு, கேக்கலையா?" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர்.

கேட்டது. சிடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன.

கதவு திறந்தது. மனைவி. முழுசாக, உயிரோடு நின்றாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கம் கெட்டுப் போய், அவள் காலில் விழலாமா என்றுகூட நினைத்தான்.

"வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் அக்கா கீழ நிக்கறா லிஃப்ட் வேலை செய்யல அத்தனை மாடியும் நடந்தே ஏறினேன் பாருங்க கொஞ்சம்கூட இளைக்கவே இல்ல"

ஒரே மூச்சில் சொன்னாள் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அவள் நெஞ்சைப் பார்த்தான். ஏறவில்லை. இறங்கவில்லை. சத்தத்தைத்தானே வெட்டினோம் என்று இருந்தான் இவ்வளவு நேரமும்.

"உனக்கு... உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"உங்களை விட்டுப் போனதுலயே பாதி பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கு மூச்சு வாங்கறேன் மூச்சு வாங்கறேன்னு குறை சொல்லுவீங்களே இப்ப கேளுங்க"

பாடினாள். வீம்புக்குத்தான். முதல் வரி முடிந்தது. இடைவெளி விடாமல் இரண்டாவது. மூன்றாவது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கலைந்தது.

நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை.

கை தொண்டைக்குப் போனது. உதடு நீலம் பாரித்தது. கண்கள் அவனைக் கெஞ்சின. குரல் மட்டும் பிசிறில்லாமல், சுத்தமாக, அடுத்த வரிக்குப் போனது.

"நிறுத்தும்மா... போதும்மா..."

பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் பாட்டு வந்துகொண்டிருந்தது. காற்று வரவில்லை.