நிற்காமல் பாடிய இசைத்தட்டு

“எங்க அப்பாவுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு சாயங்காலம் டாக்டர் எழுதிக் கொடுக்கப்போறார் மேடம். அதுக்குள்ள நீங்கதான் ஏதாவது செய்யணும்.”

வந்த பெண் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓர் இசைத்தட்டு உறை. எதிரே இருந்தவரை எல்லோரும் சர்வேயரம்மா என்பார்கள். எரிந்த கடைகளையும் நொறுங்கிய லாரிகளையும் இன்ஷூரன்ஸுக்காகப் பார்வையிட்டே தலை நரைத்தவர். பொருட்கள் பொய் சொல்லாது என்பார். மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டார். பக்கத்தில் அவர் தம்பி. அவசரக்குடுக்கை என்று முழுதாகச் சொல்லப் பொறுமையில்லாமல் ஊரே அவரைக் குடுக்கை என்று சுருக்கிவிட்டது.

“முதல்லேர்ந்து சொல்லும்மா,” என்றார் சர்வேயரம்மா.

அவள் அம்மா எப்போதோ ஒரு நாடகத்துக்குப் பாடிய பாட்டு அது. அம்மா போனபிறகு அப்பா தினமும் மாலையில் அதைப் போட்டுக் கேட்பார். நடுவில் ஒரு கீறல். அங்கே ஊசி மாட்டிக்கொள்ளும், அம்மா ‘இன்னும்... இன்னும்...’ என்று அதையே பாடிக்கொண்டிருப்பாள். அப்பா எழுந்துபோய் ஊசியை விரலால் மெல்லத் தள்ளிவிடுவார். வருஷக்கணக்காக அதுதான் வழக்கம்.

“போன ஞாயித்துக்கிழமை, ‘அவ நிக்காம பாடிட்டுப் போயிட்டா, இது என் ரெக்கார்டு இல்ல’ன்னு கத்தினார். எடுத்துப் பார்த்தா தட்டு நெளிஞ்சிருந்தது. நெளிசலாலதான் அப்படி, நேராக்கற மெஷின் ஒண்ணு இருக்குன்னு அண்ணன் சொன்னான். மறுநாள் நான்தான் கடைக்குக் கொண்டுபோனேன். இப்போ தடங்கலே இல்லாம பாடுது. அப்பா மட்டும் இது இல்லவே இல்லைங்கறார். ‘மெஷின் நெளிசலையும் எடுத்துடுச்சு, கீறலையும் எடுத்துடுச்சு. நல்லா ஆனதைக்கூட ஏத்துக்க முடியலன்னா மூளை போயிடுச்சுன்னுதானே அர்த்தம்’னு அண்ணன் டாக்டரைக் கூப்பிட்டுட்டான். அப்பாவை முதியோர் இல்லத்துல விட்டுட்டு வீட்டை இடிச்சுக் கட்டணும் அவனுக்கு.”

குடுக்கை எழுந்தே விட்டார். “கடைக்காரன் வேலைதான்க்கா. சூட்டுல பொசுக்கிட்டு வேற தட்டைத் தலையில கட்டிட்டான். வாங்க, போய் ஒரு பிடி பிடிக்கலாம்.”

கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான். மேஜைமேல் பெட்டி அளவில் அந்த மெஷின் இருந்தது. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே தட்டை வைத்து மூடி, மெல்லச் சூடாக்கி, மெல்ல ஆறவிட வேண்டும். குடுக்கையின் பேச்சைக் கேட்டதும் கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஒவ்வொண்ணையும் கழுவி, விளக்குல பார்த்துட்டுதாங்க உள்ள வைப்பேன். தூசி இருந்தா சூட்டுல பதிஞ்சிடும். இது வரும்போதே கீறல் கிடையாது.”

“எப்படி நெளிஞ்சிருந்தது?” என்று கேட்டார் சர்வேயரம்மா.

“ஒரு பக்கமா சரிஞ்சு. மூடின கார்ல சீட்டுமேல சாய்ச்சு வச்சு வெயில்ல விட்டா இப்படித்தான் ஆகும். நிறையப் பேர் அப்படிக் கெடுத்துட்டு வராங்க.”

சர்வேயரம்மா அந்தப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னார். அவளும் குடுக்கையும் ஓடினார்கள். திரும்பியபோது குடுக்கையின் கையில் துண்டில் சுற்றிய ஏதோ இருந்தது. அவள் கண் சிவந்திருந்தது. கடைக்காரர் பிரித்துப் பார்த்து, “அடப்பாவமே,” என்றார். கழுவித் துடைத்து மெஷினில் வைத்து மூடினார். “சாயங்காலம் ஆகும். ஆறறதுக்குள்ள திறந்தா மறுபடி வளைஞ்சிடும்.”

மாலையில் டாக்டரைக் கடைக்கே வரச்சொல்லியிருந்தாள் அவள். வந்தவர்கள் உள்ளேயும் வாசலிலுமாக நெருக்கி நின்றார்கள். அப்பா மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “நெஜமாவே எனக்குத்தான் ஏதாவது ஆயிடுச்சாம்மா?” என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். மெஷினில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“என்ன கூத்து இது? உள்ள இருக்கறதைத் திறந்து காட்டுங்க, போகலாம்,” என்றான்.

“ஆறட்டும்,” என்றார் சர்வேயரம்மா. “மெஷின் கீறலை எடுத்துடுச்சுன்னு சொன்னீங்களாமே?”

“ஆமா. துணிக்கு இஸ்திரி போடற மாதிரிதானே.”

“இஸ்திரி போட்டா சுருக்கம் போகும். கிழிசல் போகுமா?”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“போகாது. அப்போ இது வேற தட்டு. கடைக்காரர் மாத்திட்டார்னு என் தம்பி குதிச்சான். ஆனா ‘அவ நிக்கல’ன்னு உங்கப்பா சொன்னது ஞாயித்துக்கிழமை. அதுக்கப்புறம்தான் தட்டு இந்தக் கடைக்கே வந்தது. மாத்தினது வீட்டுக்குள்ள. அதே பாட்டோட இன்னொரு தட்டை வாங்கி, கார்ல வெயில்ல போட்டு நெளிய வச்சு, மெஷினுக்கு அனுப்பி, பழியை மெஷின் தலையில போட்டாச்சு. உங்க வீட்ல கார் உங்களுக்கு மட்டும்தான் இருக்கு.”

“அப்போ பழைய தட்டு எங்கே? உடைச்சுட்டேன்னு சொல்லுங்களேன்.”

“உடைக்கல. டிக்கியில, ஸ்டெப்னிக்கு அடியில, உங்க பழைய ஸ்வெட்டர்ல சுத்தி வச்சிருந்தீங்க. காரோட மாத்துச் சாவி வீட்டு அலமாரியில இருந்தது. வெயில் அதையும் விட்டுவைக்கல.”

சாவி சுற்றுவது நின்றுவிட்டது. அதே நேரம் சிவப்பு விளக்கும் அணைந்தது.

கடைக்காரர் மூடியைத் தூக்கினார். தட்டு நேராகத்தான் இருந்தது. ஆனால் அதே இடத்தில் நிற்குமா? சொன்னதையெல்லாம் அந்த ஒரு கீறல்தான் காப்பாற்ற வேண்டும். கடைக்காரர் அதைப் பக்கத்திலிருந்த பிளேயரில் வைத்தார். ஊசி இறங்கியது. ஒரு பெண் குரல் பாட ஆரம்பித்தது, போய்க்கொண்டே இருந்தது. பிறகு, ‘இன்னும்... இன்னும்... இன்னும்...’

அப்பா தானாகவே எழுந்தார், நடந்துபோய் விரலால் ஊசியை மெல்லத் தள்ளிவிட்டார். பாட்டு தொடர்ந்தது.

டாக்டர் பேனாவைச் சட்டைப்பையில் திரும்பச் செருகினார். “இவருக்கு ஒரு குறையும் இல்லை. நமக்கெல்லாம்தான் காது சரியில்லை.”

“ஏன் அண்ணா உடைக்காம வச்சிருந்தே?” என்றாள் தங்கை.

“அம்மா குரல்டி அது,” என்றான். வாசலை நோக்கி நகர்ந்தான்.

அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “வீட்டுச் சாவியைத் தங்கச்சிகிட்ட கொடுத்துட்டு இப்படி வந்து உக்காரு. உனக்கும் அம்மாதானேடா. முழுசாக் கேட்டுட்டுப் போ.”