இரண்டு கட்டம், பக்கத்தில் ஒன்று

பதினோராவது நகர்த்தலில் வெட்டிய கறுப்புக் குதிரை, மஹாதேவனின் மூடிய கண்ணுக்குள் மறுபடியும் நின்றுகொண்டிருந்தது.

கவனம் போதாது என்று தன்னையே கடிந்துகொண்டு முதலிலிருந்து தொடங்கினான். ஞாயிறன்று வங்கிகளுக்கிடையே செஸ் இறுதிப் போட்டி. பலகையைப் பார்க்காமலே ஆறு நகர்த்தல் முன்னால் பார்க்கப் பழக வேண்டும். டாக்குரியாவில் அவர்கள் குடியிருந்த வீட்டுக் கூடத்தின் தரை எட்டுக்கு எட்டு கறுப்பு வெள்ளைக் கல். அலமாரி, டிரங்குப் பெட்டி, தையல் மிஷின் எல்லாவற்றையும் ஒரு மூலைப் பக்கம் தள்ளிவிட்டுத் தானே வெள்ளை ராஜாவாக நடந்தான்.

"தோத்தா வெட்டிடுவாளா?" காளிகாட் கோயிலுக்குக் கிளம்பிய மனைவி ஜலஜா சிரித்தாள்.

"ராஜாவை யாரும் வெட்ட மாட்டா. ஒரு விரலால சாய்ச்சுடுவா, அவ்வளவுதான்."

அவள் போனதும் கதவைத் தாழிட்டான். ஆறரைக்கு லோட்ஷெடிங், மின்சாரம் போய் இருட்டியது. சந்து முழுக்க வீடுகளில் அந்திச் சங்கு ஊதி ஓய்ந்தது, மண்ணெண்ணெய் வாடை ஜன்னல் வழியே வந்தது, எங்கோ ஒரு ரயில் தேய்ந்து மறைந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதியில், கதவோரக் கல்லில் யாரோ காலடி வைத்தார்கள். டக், டக். பக்கவாட்டில் ஒரு டக்.

குதிரை.

பயத்திலும் கணக்கு ஓடியது, பழக்க தோஷம். அது அங்கே நின்றால் எந்தக் கட்டங்கள் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். விலகினான். டக், டக். டக். வியர்த்த குதிரையின் நாற்றம். மறுபடி விலகினான். ஒவ்வொரு முறையும் சரியான கட்டம். ஒவ்வொரு முறையும் கதவு இன்னும் தூரம்.

முதுகு சுவரில் இடித்தது. மூலை. ஒரு பக்கம் அலமாரி. மறுபக்கம் டிரங்குப் பெட்டி. நுழைந்த இடைவெளி ஒன்றுதான் வழி. அங்கே இரும்புக்கால் தரையில் உரசியது. தையல் மிஷின் தானாக நகர்ந்து வந்து, அந்த வழியையும் அடைத்தது.

எதிரியின் காயை மட்டுமே கணக்கில் வைத்திருந்தான். தான் மூலைக்குத் தள்ளிய சாமான்களே தன் காய்கள் என்பதை மறந்துவிட்டான். தன் கையே தன் கண்ணைக் குத்திவிட்டது.

கதவு தட்டப்பட்டது. "ஏன்னா, தாழ்ப்பாளைத் திறங்கோ. உள்ளே யாரு நடக்கறா?"

தையல் மிஷினை இரண்டு கையாலும் தள்ளினான். அது அசையவில்லை.

டக்.

டக்.

பக்கவாட்டில், டக்.

வெட்டவில்லை. உச்சந்தலையில் குளிர்ந்த விரல் ஒன்று பதிந்து, அவனை மெல்லச் சாய்க்கத் தொடங்கியது.