பொய் சொல்லும் முள்

குழாயில் காற்றே இல்லை. நைட்ரஜன் சிலிண்டரைக் காலையிலேயே கழற்றி வெளியே உருட்டிப் போயாகிவிட்டது. இருந்தும் சோதனை மேஜையின் பிரஷர் கேஜில் முள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது, தூக்கத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

விமானக் குழாய்களில் அழுத்தம் ஏற்றி, கசிகிறதா என்று பார்க்கும் அறை அது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று சூப்பர்வைசர் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிட்டர்கள் வருவார்கள். முள் இப்படி ஆடினால் கேஜைப் பிரித்துப் பார்ப்பார்கள். பிரித்தால் அவருடைய வேலை போகும், சிறைக்கும் போக வேண்டிவரும்.

ஏனென்றால் இந்தக் கேஜ் பொய் சொல்லும். உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும்போதே முள் ஜீரோவில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்து, தொடாதே என்று சிவப்பு அட்டை கட்டியவன் இவருடைய மாப்பிள்ளை, தங்கையின் புருஷன். விமானம் காத்திருக்கிறது என்று அட்டையை அவிழ்த்தவர் இவர். "சரி பண்ணியாச்சு மாப்ளே, வேலையப் பாரு" என்றார். அவன் நம்பினான். முள் ஜீரோ காட்டியது, குழாயை மேஜையோடு பூட்டியிருந்த கப்ளிங்கைக் கழற்றினான். சீறிக் கிளம்பிய குழாயின் இரும்பு முனை அவன் முகத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போனது.

கேஜைப் பார்க்காமல் கழற்றிவிட்டான் என்று விசாரணையில் சொன்னார் சூப்பர்வைசர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு, இந்தப் புண்ணியவான் ஒரு மனுஷனையே மறைத்தார். கேஜை மாற்றினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று அதிலேயே, சரிபார்த்தாயிற்று என்று புது ஸ்டிக்கர் ஒட்டினார். நாலு பேர் மெச்ச ஒரு பாதுகாப்பும் செய்தார். மேஜையில் குழாய் மாட்டியிருக்கும்வரை அறைக் கதவு பூட்டிக்கொள்ளும். கப்ளிங்கைக் கழற்றிக் குழாயைக் கொக்கியில் தொங்கவிட்டால்தான் திறக்கும், இல்லாவிட்டால் சூப்பர்வைசரின் சாவி வேண்டும்.

இப்போது அவசரத்தில் குழாயை யாரோ மாட்டியே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபடி, தன் சாவியால் திறந்து உள்ளே போனார். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. எண்ணெயும் ரப்பரும் சூடான தூசியும் கலந்த வழக்கமான நாற்றத்துக்கு அடியிலிருந்து, முதலில் லேசாக, பிறகு மூக்கைத் துளைக்கிற மாதிரி, கிராம்பு வாசனை எழும்பி வந்தது. பல்வலிக்காக மாப்பிள்ளை எப்போதும் கன்னத்தில் கிராம்பை அடக்கியிருப்பான்.

முள் ஏறியது. காற்றை வெளியேற்றும் வால்வை முழுக்கத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தரையில் துவண்டு கிடந்த குழாய், இரை விழுங்கிய பாம்பாக விறைத்து மெல்ல நிமிர்ந்தது. எங்கோ அடியில் சீறல். நீளமான, மூச்சு போன்ற சீறல்.

கதவுக்கு ஓடினார். பூட்டு. சாவி திரும்பவில்லை.

"யாராவது இருக்கீங்களா?" இன்டர்காமில் கத்தினார். "திறங்க!"

ஜன்னலுக்கு வெளியே தங்கை வந்து நின்றாள். புருஷன் போன பிறகு இரக்கப்பட்டு சீட் உறை தைக்கிற பிரிவில் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள்.

"என்னண்ணா?"

"கதவு திறக்கலம்மா. கரண்டு மெயினை ஆஃப் பண்ணச் சொல்லு, பூட்டு விட்டுடும். சீக்கிரம்!"

அவள் நகரவில்லை. கண்ணாடி வழியே கேஜைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

முள் ஜீரோவில் படுத்திருந்தது.

"ஜீரோதானே காட்டுது," என்றாள். "கழட்டிட்டு வாண்ணா."

"அது பொய்ம்மா! உள்ள அழுத்தம் இருக்கு. அந்தக் கேஜ் அப்பவே..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

"அவரு பாக்காமக் கழட்டிட்டாருன்னு சொன்னியே," என்றாள் நிதானமாக. "நீ பாத்துக் கழட்டு."

"அம்மா... உன் கூடப் பொறந்தவன்டி நான்!"

சீறல் ஏறியது. குழாய் கல்லாக இறுகியது. கிராம்பு வாசனை பிடரிக்குப் பின்னால். சூடாக. ஈரமாக.

அவருடைய வலது கை எழுந்தது. அவர் எழுப்பவில்லை. விரல்கள் கப்ளிங்கைச் சுற்றி மூடிக்கொண்டன. இடது கையால் பிடித்து இழுத்தார். வரவில்லை.

ஜன்னலில் தங்கை நெருங்கி வந்து நெற்றியைக் கண்ணாடியில் வைத்தாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில், யாரையோ பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள், கல்யாணமான புதிதில் வாசலில் நின்று சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

கை ஒரு சுற்றுத் திருப்பியது.